எதிர்முனையில் இருப்பவருக்கான கைபேசி

யாழ்ப்பாண நகரில் எந்தக் கைபேசிக் கடைக்குள் நுழைந்து, "அலுவலகப் பாவனைக்கு ஒரு போன் வேண்டும்" என்று கேட்டாலும், கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் நிற்கும் தம்பி முதலில் கமராவைத்தான் திறந்து காட்டுவார். அடுத்தது திரையின் வெளிச்சம், அதற்கடுத்தது சார்ஜ் ஏறும் வேகம், பிறகு தவணைக் கொடுப்பனவு. அழைப்பில் குரல் எப்படிக் கேட்கும் என்பதை அவர் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. இதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. கடைக்குள் வைத்துக் காட்டக்கூடியதைத்தானே அவர் காட்டுவார்? ஆயினும் தொழிலுக்கென ஒரு கைபேசியை வாங்குபவர் அதை வைத்து நாள் முழுவதும் செய்யப்போகும் காரியங்களில் கடைக்குள் காட்டக்கூடியவை மிகச் சொற்பம்.

நான் நகரில் சிறியதொரு கணக்கு, வரி ஆவண அலுவலகத்தை நடத்திவருகிறேன். வாடிக்கையாளர்களில் ஒரு பகுதியினர் சுன்னாகத்திலும் சாவகச்சேரியிலும் பருத்தித்துறையிலும் கடை வைத்திருப்பவர்கள்; இன்னொரு பகுதியினர் இங்கே காணியையும் வாடகை வீட்டையும் வைத்துக்கொண்டு ரொறன்ரோவிலும் லண்டனிலும் வாழ்பவர்கள்; இவர்களுக்கு வெளியே கொழும்பிலுள்ள வங்கிகளும் திணைக்களங்களும் இருக்கின்றன. மேசையில் கணினி இருந்தாலும் அலுவலின் பெரும்பகுதி கைபேசியிலேயே நடந்துவிடுகிறது. அண்மையில் பழைய கருவியை மாற்ற வேண்டி வந்தபோது, வெவ்வேறு விலையிலுள்ள சில கைபேசிகளை உறவினரிடமும் நண்பர்களிடமும் இரவல் வாங்கி, என்னுடைய சிம்மைப் போட்டு, வழமையான வேலைகளையே அவற்றில் செய்து பார்த்தேன். அதில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்றுதான்: தொழிற் கைபேசியின் குறைகளை முதலில் அறிபவர் எதிர்முனையில் இருப்பவர். என் குரல் உடைவது எனக்குக் கேட்காது. நான் அனுப்பிய கோவை அவருடைய திரையில் எப்படித் திறக்கிறது என்பது எனக்குத் தெரியாது. அவர் மாலையில் அனுப்பிய மின்னஞ்சல் என் கைபேசியில் விடியும்வரை சத்தமின்றிக் கிடந்ததை நான் உணரும்போது அவர் வேறொருவரைத் தேடிப் போயிருப்பார். ஆகவே மதிப்பீட்டை அந்த முனையிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் துணிபு.

அழைப்பை எடுத்துக்கொள்வோம். பழைய தொலைபேசி இணைப்பு மனிதக் குரலில் ஏறத்தாழ 300 ஹேர்ட்ஸ் முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான பகுதியை மட்டுமே கடத்தியது. 2ஜி அழைப்பும் அந்த எல்லைக்குள்தான் நின்றது. 4ஜி வலையமைப்பின் ஊடாகவே குரலையும் அனுப்புகிற வோல்ட்டி முறையில், இரு முனைகளிலுள்ள கருவிகளும் இடைப்பட்ட வலையமைப்புகளும் இடங்கொடுத்தால், இந்த எல்லை 50 முதல் 7000 ஹேர்ட்ஸ் வரை விரிகிறது. சுகநலம் விசாரிக்கும் உரையாடலில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. தொகைகளையும் இலக்கங்களையும் சொல்லி எழுதவைக்கும்போதுதான் தெரியவரும்.

தமிழில் தொகை சொல்லும்போது "அறுபத்தையாயிரம்" என்பதற்கும் "எழுபத்தையாயிரம்" என்பதற்கும் இடையிலான வித்தியாசம் முழுவதும் முதல் இரண்டு எழுத்துகளில் இருக்கிறது. இன்றைய கைபேசிகளில் சுற்றுப்புற இரைச்சலை அகற்றும் மென்பொருள் ஒன்று ஓயாமல் இயங்குகிறது. பேசுபவர் சிறிது நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்கும்போது, வருவது குரலா இரைச்சலா என்று அது தீர்மானிப்பதற்குள் அந்த முதல் எழுத்துகள் கழிவோடு கழிவாகப் போய்விடுவது உண்டு. எதிர்முனையில் இருப்பவருக்குப் "பத்தையாயிரம்" மட்டும் தெளிவாகக் கேட்கும். அவர் தனக்குத் தோன்றியதை முன்னால் சேர்த்து எழுதிக்கொள்வார். இரவல் வாங்கிய கருவிகளில் ஒன்று, விலையில் மலிவானதும் அல்ல, சனசந்தடியுள்ள இடங்களில் இதைத் தவறாமல் செய்தது. அமைதியான அறைக்குள் அதே கருவியில் ஒரு குறையும் இல்லை. கடைக்குள் சோதித்திருந்தால் நல்ல கைபேசி என்றே எழுதியிருப்பேன்.

ஆகையால் சோதனைக்கு நான் வைத்துக்கொண்டது எளிமையான ஒரு முறை. ஒரு தாளில் சில தொகைகளையும், புதிய தேசிய அடையாள அட்டையில் இருப்பதுபோன்ற 12 இலக்க எண் ஒன்றையும், "சுழிபுரம்", "உரும்பிராய்", "கரணவாய்" போன்ற சில ஊர்ப்பெயர்களையும் எழுதி, அதைச் சாதாரண வேகத்தில் வாசிப்பேன். எதிர்முனையில் இருப்பவர் கேட்டதை எழுதித் திருப்பி வாசிக்க வேண்டும். இதை அலுவலக மேசையில் மின்விசிறி சுழலும்போது ஒருமுறையும், ஆஸ்பத்திரி வீதியில் பேருந்துகள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகும் வேளையில் ஒருமுறையும், கொங்கிறீற் கூரையுள்ள வீட்டின் உள்ளறையில் ஒருமுறையும், கைபேசியை மேசையில் வைத்து ஒலிபெருக்கியில் ஒருமுறையும் செய்தால் போதும். எழுதுபவர் யார் என்பதும் முக்கியம். நண்பர்களும் அலுவலகப் பிள்ளைகளும் முகத்தாட்சணியத்துக்காகப் "பரவாயில்லை அண்ணை, விளங்குது" என்று சொல்லிவிடுவார்கள். ஸ்காபரோவிலிருக்கும் என்னுடைய மாமி அப்படியல்லர். ஒரு கருவியை ஒலிபெருக்கியில் போட்டுத் தாளின் இரண்டாவது வரியை வாசிப்பதற்குள் அவர் இடைமறித்து, "தம்பி, உன்ர குரல் கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரிக் கிடக்கு. மற்றப் போனில எடு" என்றார். அந்தக் கருவி மேசையிலிருந்து திரும்பி வரும் எதிரொலியை அகற்ற முயன்று என் குரலையே விழுங்கிக்கொண்டிருந்தது என்பது பிறகு வேறொருவரோடு பேசியபோது உறுதியாயிற்று. ஒலிபெருக்கியின் சத்தம் என் காதுக்கு மிக நன்றாகவே இருந்தது. என் காதை நம்பியிருந்தால் அதற்கு முதலிடம் கொடுத்திருப்பேன்.

வோல்ட்டியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். கைபேசியின் பெட்டியில் அந்த வசதி அச்சிடப்பட்டிருப்பது மட்டும் போதாது. நாம் பாவிக்கும் தொலைபேசி நிறுவனம் அந்த மாதிரிக்கு அதைத் திறந்துவிட்டிருக்க வேண்டும். ஒரே பெயரில் வெவ்வேறு நாட்டுச் சந்தைகளுக்கென விற்கப்படும் கருவிகளில், ஒன்றில் இங்கு வோல்ட்டி இயங்கும், மற்றதில் இயங்காது. சோதிப்பது இலகு. அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போது திரையின் மேல் மூலையைப் பார்க்க வேண்டும்; 4ஜி அடையாளம் அப்படியே நின்றால் குரல் அதன் ஊடாகப் போகிறது, 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கினால் இல்லை. இறங்குவதால் குரலின் தெளிவு மட்டுமல்ல, அழைப்பு முடியும்வரை இணைய வேகமும் குறைகிறது. 2ஜிக்கு இறங்கினால் பெரும்பாலும் இணையம் நின்றே போகிறது. "இப்போதுதான் மின்னஞ்சல் அனுப்பினேன், திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று வங்கி அலுவலர் அழைப்பில் காத்திருக்கும்போது இது எவ்வளவு சங்கடம் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

எங்கள் ஊரில் கைபேசிகளில் கணிசமானவை கடையிலிருந்து வருவதில்லை; கோடை விடுமுறைக்கோ நல்லூர்த் திருவிழாவுக்கோ வரும் உறவினரின் பயணப்பெட்டியிலிருந்து வருகின்றன. இலவசமாகக் கிடைப்பதை மதிப்பிடுவது நாகரிகமில்லை என்றாலும், அதைத் தொழிலுக்கு வைத்துக்கொள்ளும் முன் சிலவற்றை அறிந்திருப்பது நல்லது. கனடாவில் 2017 டிசம்பர் முதலாம் திகதி தொடக்கம் கைபேசிகளை ஒரு நிறுவனத்துக்கென்று பூட்டி விற்க முடியாது. பிரித்தானியாவில் 2021 டிசம்பரிலிருந்து அதே நிலை. அதற்குப் பின் அங்கே புதிதாக வாங்கியவற்றில் நம்முடைய சிம் பெரும்பாலும் தடையின்றி இயங்கும். அமெரிக்காவிலிருந்து வருபவை நிறுவனத்தின் பூட்டோடு வரக்கூடும். அத்துடன் அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன்களில் 2022 இல் வந்த 14 ஆம் வரிசை தொடக்கம் சிம் செருகும் இடமே கிடையாது. இங்குள்ள நிறுவனத்திடம், செருகாமல் மென்பொருளாக ஏற்றும் இ-சிம் பெற்றால்தான் பயன்படும். எங்கிருந்து வந்தாலும், *#06# என்று அழுத்தினால் தெரியும், கருவியின் தனி அடையாளமான 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண்ணை 1909 என்ற இலக்கத்துக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவான கருவியா என்று பார்த்துக்கொள்ளலாம். கடையில் பணம் கொடுத்து வாங்குபவர்களும் பணத்தை எண்ணுவதற்கு முன் இதைச் செய்வது நன்று.

இரண்டு சிம் வைத்திருப்பவர்கள் பலருக்குத் தெரியாத ஒரு விடயம் உண்டு. பெரும்பாலான கைபேசிகளில் இரண்டு சிம்களும் ஒரே நேரத்தில் காத்திருக்கும். ஆனால் ஒன்றில் பேசத் தொடங்கினால் மற்றது அந்நேரம் தொடர்பில் இராது. வீட்டு இலக்கத்தில் அரைமணி நேரம் கதைத்துக்கொண்டிருந்தால், தொழில் இலக்கத்துக்கு எடுப்பவருக்கு "தொடர்புகொள்ள முடியவில்லை" என்ற அறிவிப்புத்தான் கேட்கும். அவர் அழைத்தாரா என்பதும் நமக்குத் தெரியாமற் போகலாம். விலையுயர்ந்த சில கருவிகள் இரண்டாவது சிம்மின் அழைப்பை முதலாவதன் இணையத் தொடர்பின் வழியாக ஏற்றுக்கொள்கின்றன, அதற்கும் நிறுவனத்தின் ஒத்துழைப்பு வேண்டும். அந்த வசதி இல்லாதவர்கள், தொடர்பில் இல்லாதபோது ஒரு இலக்கத்துக்கு வரும் அழைப்பு மற்றைய இலக்கத்துக்குத் திரும்பும்படி அமைத்து, அழைப்புக் காத்திருப்பையும் திறந்து வைத்தால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். திரும்பிவரும் அழைப்புக்குக் கட்டணம் உண்டா என்பதை நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காதோடு சேர்த்துப் பேசும்போது திரையை அணைக்கும் உணரியையும் பார்க்க வேண்டும். செலவைக் குறைப்பதற்காகச் சில மாதிரிகளில் அதற்கெனத் தனிக் கருவியை வைக்காமல், காதுக்குக் கேளாத ஒலியைக் கொண்டு முகம் அருகிலிருக்கிறதா என்று கணிக்கிறார்கள். அந்தக் கணிப்புப் பிழைத்தால் பேசிக்கொண்டிருக்கும்போதே திரை ஒளிர்ந்து, கன்னம் பட்டு ஒலிவாங்கி அணைந்துவிடும். நாம் மும்முரமாக விளக்கிக்கொண்டிருப்போம். எதிரில் இருப்பவர் "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார். கடையில் ஒட்டித்தரும் கண்ணாடித் தகடு உணரியை மறைத்தாலும் இதே கதைதான். வலிகாமத்துச் செம்மண் தூசி காதுப்பக்கத்துச் சல்லடையில் படிந்து ஒலியை மங்கவைப்பதும் சாதாரணம். அதற்கு மென்மையான பல்துலக்கி போதும். புதிய கைபேசி வேண்டியதில்லை.

வெளிநாட்டு உரையாடல்கள் ஏறத்தாழ எல்லாமே வட்ஸ்அப்பிலும் வைபரிலும் நடப்பதால், அவற்றுக்கென நான் செய்யும் பரிசோதனை வேறு. வீட்டு வைஃபையில் அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போது ரவுட்டரின் மின்சாரத்தை நிறுத்திவிடுவேன். நல்ல கருவி சில நொடிகளில் 4ஜிக்கு மாறி உரையாடலைத் தொடர்கிறது. சில கருவிகள் இல்லாத வைஃபையையே பிடித்துக்கொண்டு கிடந்து அழைப்பை அறுத்துவிடுகின்றன. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நடந்த நாட்டில் இதை மிகையான பரிசோதனை என்று யாரும் சொல்லமாட்டார்கள். மின்வெட்டு நீண்டால் கோபுரத்தின் பற்றறியும் தீர்ந்துவிடும், அப்போது எந்தக் கைபேசியாலும் பயனில்லை என்பதையும் அந்த நாட்களில் கண்டோம்.

அழைப்புகளைப் பதிவுசெய்யும் வசதியைப் பற்றி வியாபாரிகள் அடிக்கடி விசாரிக்கிறார்கள். அன்ட்ரொய்டில் அதற்கெனப் பாவிக்கப்பட்ட குறுக்குவழியை கூகிள் 2022 மே மாதத்தில் தன்னுடைய செயலிக் கடையின் விதிகளால் அடைத்தது; இப்போது கூகிளின் அழைப்புச் செயலியிலும் ஐபோனிலும் பதிவு தொடங்கும்போது இரு முனைகளுக்கும் அறிவிப்புக் கேட்கும். அந்த அறிவிப்பைக் கேட்டதும் எங்கள் ஆட்கள் பேசும் தொனியே மாறிவிடுகிறது. பேசி முடித்தவுடன் தொகையையும் திகதியையும் எழுதி ஒரு குறுஞ்செய்தி அனுப்புவதே நான் விரும்பும் வழி. பின்னர் தகராறு வந்தால் தேடி எடுப்பதற்கும் அதுவே இலகு.

இனி மின்னஞ்சல். ஒரு காலத்தில் "தொழிற் கைபேசி" என்பதைக் கண்டாலே தெரியும். மின்னஞ்சலைக் கைக்குக் கொண்டுவந்த பிளாக்பெரி 1999 இல் தோன்றியது. 2008 இல் வந்த நோக்கியா ஈ71 அதே விதமான சிறு விசைப்பலகையோடு வங்கி முகாமையாளர்களின் சட்டைப் பைகளில் இருந்தது. பழைய பிளாக்பெரிக் கருவிகளுக்கான சேவைகள் 2022 ஜனவரி 4 ஆம் திகதி நிறுத்தப்பட்டன. இப்போது எல்லாக் கைபேசியிலும் மின்னஞ்சல் வருகிறது. ஆதலால் எதில் ஒழுங்காக வருகிறது என்பதை யாரும் கேட்பதில்லை.

ஒழுங்காக வருவதில்லை என்பதுதான் என்னுடைய முறைப்பாடு. 2015 இல் வெளிவந்த அன்ட்ரொய்ட் 6 ஆம் பதிப்பிலிருந்து, கைபேசி அசையாமல் கிடக்கும்போது பின்னணிச் செயலிகளை உறங்கவைத்துப் பற்றறியைச் சேமிக்கும் ஏற்பாடு உண்டு. அந்த ஏற்பாட்டில் முக்கியமான அறிவிப்புகளுக்கு வழிவிடப்பட்டிருக்கிறது. ஆனால் "இரண்டு நாள் பற்றறி" என்று விளம்பரம் செய்ய விரும்பும் உற்பத்தியாளர்கள் சிலர் அதற்கு மேலாகத் தங்கள் பங்குக்கும் செயலிகளைக் கொன்றுவிடுகிறார்கள். ரொறன்ரோவில் காலை 9 மணிக்கு அலுவலகம் திறக்கும்போது இங்கே கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. அவர்களுடைய மதியம் எங்களுடைய நித்திரை நேரம். அதாவது, எனக்கு மிகவும் வேண்டிய மின்னஞ்சல்கள் வருவது கைபேசி அசையாமல் மேசையில் கிடக்கும் அந்த மணித்தியாலங்களில்தான். ஆகவே இரவில் கைபேசியை சார்ஜில் போடாமல் ஓரிடத்தில் வைத்துவிட்டு, கனடாவிலுள்ளவர்களிடம் இடைவெளி விட்டு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லி, விடிந்ததும் திரையைத் திறப்பதற்கு முன்னரே எத்தனை அறிவிப்புகள் நிற்கின்றன என்று பார்ப்பேன். சார்ஜில் போட்டால் உறக்க ஏற்பாடு தளர்ந்துவிடும் என்பதால் சோதனை பொய்த்துப்போகும். ஒரு கருவியில் திரையைத் திறந்து மின்னஞ்சல் செயலியைத் தொட்ட பின்னரே எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. அமைப்புகளுக்குள் போய் அந்தச் செயலிக்கு மட்டும் பற்றறிக் கட்டுப்பாட்டை நீக்கியதும் ஓரளவு சரியாயிற்று. மென்பொருள் புதுப்பிப்பு ஒன்று வந்ததும் கட்டுப்பாடு மறுபடி ஒட்டிக்கொண்டது. இந்தக் குணம் உள்ள கருவியை, அது எவ்வளவு அழகாயிருந்தாலும், தொழிலுக்கு நான் வைத்துக்கொள்ள மாட்டேன்.

இணைப்புகளின் கதை எங்கள் பகுதிக்கே உரியது. இங்குள்ள அலுவலகங்கள், அச்சகங்கள், சட்டத்தரணிமார், நொத்தாரிசுமார் ஆகியோரிடமிருந்து வரும் வேர்ட் கோவைகளில் இன்றைக்கும் பெருமளவு பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. எல்லாக் கருவிகளும் அறியும் பொது எழுத்துக் குறியீடான யுனிகோட் அல்ல பாமினி. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய பழைய முறை. அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் திறந்தால் காணி உறுதியின் வரைவு முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளுமாகத் தெரியும். இதை வைத்துக் கைபேசியைக் குறைசொல்வதில் நியாயமில்லை. எந்தக் கைபேசியும் இதில் ஒன்றுதான். எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப். ஆக அனுப்பச் சொன்னால் கண்ணுக்குச் சரியாகத் தெரியும், ஆயினும் அதற்குள் ஒரு பெயரைத் தமிழில் தட்டித் தேடினால் கிடைக்காது. நான் பார்ப்பது வேறு: எழுத்துருவை மாற்றித்தரும் செயலியையோ இணையப் பக்கத்தையோ பக்கத்தில் திறந்து, கோவையிலிருந்து ஒரு பந்தியைப் பிரதிசெய்து ஒட்டி வாசிக்க இந்தத் திரையும் இந்த நினைவகமும் இடங்கொடுக்கின்றனவா என்பது. நினைவகம் குறைந்த கருவியில் ஒரு செயலியிலிருந்து மற்றதற்குப் போய்த் திரும்பி வருவதற்குள் முதலாவது மூடிக்கொண்டு, எழுதிக்கொண்டிருந்த பதிலும் போய்விடுகிறது. நவம்பர் 30 ஆம் திகதிக்குள் வருமான வரி விபரத்திரட்டுகளை ஒப்படைக்க ஓடித்திரியும் நாட்களில் அது தாங்கமுடியாத தொல்லை.

பெரிய கோவைகளும் அப்படித்தான். ஜிமெயிலில் இணைப்பின் உச்ச அளவு 25 மெகாபைட். அதைத் தாண்டினால் கோவைக்குப் பதில் இணையச் சேமிப்பின் சுட்டி போகும். அந்தச் சுட்டியைத் திறக்க எதிர்முனையிலுள்ளவருக்கு அனுமதி கொடுக்கப்பட்டதா என்று கைபேசி கேட்கும் சிறிய பெட்டியை அவசரத்தில் தட்டிவிடுவது இயல்பு. ஒன்றுக்கு மேற்பட்ட முகவரிகளை வைத்திருப்பவர்கள், பதில் எந்த முகவரியிலிருந்து போகிறது என்பதைச் செயலி தெளிவாகக் காட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். கைபேசியோடு வரும் உற்பத்தியாளரின் சொந்த மின்னஞ்சல் செயலிகளை நான் நம்புவதில்லை. ஜிமெயில் அல்லது அவுட்லுக் போதும்.

அன்றாடப் பாவனையில் முதலில் வருவது தமிழில் எழுதுவது. கூகிளின் விசைப்பலகை தமிழ் எழுத்துகளை நேரடியாகத் தட்டும் முறையையும், ஆங்கில ஒலிவழியையும், குரல்வழித் தட்டச்சையும் தருகிறது. குரல்வழியில் இலங்கைத் தமிழைத் தனியாகத் தெரிவுசெய்யவும் இடமுண்டு. பொதுச் சொற்களை அது நன்றாகவே எழுதுகிறது. ஊர்ப்பெயர்களிலும் ஆட்பெயர்களிலும் தடுமாறுகிறது, ஆகையால் அனுப்புமுன் ஒருமுறை வாசிக்க வேண்டும். இந்த வசதி எல்லா அன்ட்ரொய்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒரு கருவியை இன்னொன்றிலிருந்து பிரித்துக்காட்டுவது ஒலிவாங்கியின் தரமும் விசைகளுக்குத் திரையில் கிடைக்கும் இடமும்.

கமராவை நான் ஆவணப் பிரதி எடுக்கவே பயன்படுத்துகிறேன். கடைச் சிட்டைகளில் கார்பன் தாளில் விழுந்த மங்கலான எழுத்தும், வெப்பத்தாளில் அச்சிட்டு வெளிறிப்போன பற்றுச்சீட்டும் வாசிக்கக்கூடியதாக வர வேண்டும். இதற்கு மெகாபிக்சல் எண்ணிக்கையை விட, நெருக்கத்தில் கூர்மையாகக் குவிவதும் கை நடுக்கத்தைச் சமாளிப்பதுமே தேவை. வாடிக்கையாளர்களுக்கும் ஒன்று சொல்லிவைத்திருக்கிறேன்: வட்ஸ்அப்பில் சிட்டையைப் படமாக அனுப்பினால் அது சுருங்கி, 3 உம் 8 உம் ஒன்றாகிவிடும், ஆவணமாக இணைத்து அனுப்பினால் எடுத்த தரத்திலேயே வரும். மோட்டார் சைக்கிளின் கைபிடியில் கைபேசியைப் பூட்டி ஓடும் இளைஞர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். சக்தி வாய்ந்த மோட்டார் சைக்கிள் இயந்திரங்களின் அதிர்வு நீண்டகாலப் போக்கில் கமராவின் நடுக்கத் தடுப்புப் பொறியைக் கெடுக்கக்கூடும் என்று அப்பிள் நிறுவனமே 2021 இல் அறிவித்திருக்கிறது.

வெயிலும் அவ்வாறே. ஐபோனைப் பாவிப்பதற்கு அந்நிறுவனம் பரிந்துரைக்கும் சூழல் வெப்பநிலையின் மேல் எல்லை 35 பாகை செல்சியஸ். சித்திரை, வைகாசியில் எங்கள் மத்தியானம் அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் அதை எப்போதோ தாண்டிவிடும். சூடேறினால் கைபேசி முதலில் திரையின் வெளிச்சத்தைக் குறைக்கும், பிறகு சார்ஜை நிறுத்தும். பற்றறியின் ஆயுளும் சூட்டினால்தான் விரைவாகக் குறைகிறது. 5000 மில்லி அம்பியர் மணி என்பது இன்று நடுத்தர விலைக் கைபேசிகளிலும் சாதாரணம். என் பாவனைக்கு அது இரவுவரை வருகிறது. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் போகும் நாளில் மட்டும் வழக்கத்தை விட விரைவாக இறங்கும், ஏனென்றால் சிக்னல் மங்கும் இடத்தில் கருவி கூடுதல் வலுவோடு கோபுரத்தைத் தேடுகிறது.

எத்தனை ஆண்டுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் என்பதை விலைக்கு அடுத்தபடியாகக் கேட்க வேண்டும் என்பேன். சிலவேளை விலைக்கு முன்னரே கேட்கலாம். வங்கிச் செயலிகள் பழைய மென்பொருளில் இயங்க மறுக்கின்றன. 2023 இல் வந்த கூகிள் பிக்சல் 8 உம், 2024 இல் வந்த சாம்சுங் கலக்ஸி எஸ்24 உம் 7 ஆண்டுகளுக்கு உறுதி தந்தன. 2025 இல் வந்த நடுத்தர விலை கலக்ஸி ஏ36, ஏ56 போன்றவற்றுக்கு 6 ஆண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 தொடக்கம், ஒரு மாதிரியின் விற்பனை முடிந்த பின்னும் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு மென்பொருள் புதுப்பிப்பு வழங்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கவனிக்க வேண்டியது, உற்பத்தியாளரின் கணக்கு பொதுவாகக் கருவி உலகச் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது என்பது. 4 ஆண்டு உறுதியோடு வந்த மாதிரியை அது வெளிவந்து மூன்று ஆண்டு கழித்து மலிவு விலைக்கு வாங்குபவர், மீதமிருக்கும் ஓராண்டுக்கே பணம் கொடுக்கிறார்.

உத்தரவாதத்தில் முகவர் தரும் "கம்பனி வாரண்டி", கடைக்காரரே தரும் "சொப் வாரண்டி" என்று இரண்டு விலை சொல்வார்கள். 2024 ஜனவரி முதல் கைபேசிகளுக்கும் 18 சதவீதப் பெறுமதி சேர் வரி சேர்ந்ததிலிருந்து இரண்டுக்குமான இடைவெளி கண்ணை உறுத்துகிறது, அதனால் பலர் இரண்டாவதை எடுக்கிறார்கள். வீட்டுப் பாவனைக்கு அது குற்றமில்லை. தொழிலுக்கு வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி, திரை உடைந்தால் அந்த வேலை யாழ்ப்பாணத்திலேயே நடக்குமா, கொழும்புக்கு அனுப்பப்படுமா, அதுவரைக்கும் வங்கியின் ஒருமுறைக் கடவு இலக்கம் எந்தக் கருவிக்கு வரும் என்பது. இதற்காகவே பழைய கைபேசியை விற்காமல், சார்ஜ் குறையாமல், வங்கிச் செயலிகளோடு தயாராக வைத்திருக்கிறேன். சிம்மை மாற்றிப் போட்டால் போதும். சிம்முக்கும் தனிக் கடவு இலக்கம் போட்டிருக்கிறேன். கைபேசி தொலைந்தால், திரையைத் திறக்க முடியாத திருடன் சிம்மைக் கழற்றி வேறொன்றில் போட்டு வங்கிக் குறுஞ்செய்திகளை வாசிக்க அது விடாது.

கடைசியில் எதை எடுத்தேன் என்று கேட்பவர்களுக்கு மாதிரியின் பெயரைச் சொல்லத் தயங்குகிறேன், ஏனெனில் அதே பெயரில் இங்கே வேறு சந்தைக்கான பெட்டிகளும் விற்கப்படுகின்றன, அவற்றில் வோல்ட்டி இயங்குமா என்பதை நான் பார்க்கவில்லை. நடுத்தர விலை, முகவரின் உத்தரவாதம், ஆறு ஆண்டுப் புதுப்பிப்பு, வீதியோரத்தில் வாசித்த தாளில் ஒரு தொகையும் பிழைக்காத ஒலிவாங்கி, இரவில் மின்னஞ்சலை விழுங்காத மென்பொருள். கமரா, இதைவிட விலை குறைந்த ஒன்றில் இருந்ததிலும் சுமார்தான். ஒலிபெருக்கியும் சந்தைப் பக்கம் போனால் எனக்குச் சரியாகக் கேட்பதில்லை, அங்கே யூ.எஸ்.பி. சி வகை வயர் இயர்போன் ஒன்றைச் செருகிக்கொண்டு பேசுகிறேன்.